சிப்பியைத் திறக்காமல் தீர்ப்புச் சொல்லாதே!

தியானப் பகுதி: மத்தேயு 13:45, 46, 1 தெசலோனிக்கேயர் 5:21



ஓர் உண்மையை உங்களிடம் அறிக்கை செய்ய விரும்புகிறேன். நம் சபை வாலிபன் ஒருவன், துறைமுகத் தொழிலாளியின் மகன், ஒரு ராப் பாடகரின் புது ஆல்பம் வந்த அன்று நண்பர்களுக்கெல்லாம் போனில் அனுப்பிக்கொண்டிருந்தான். வாலிபர் கூட்டத்தில் எல்லார் முன்பாகவும், "இது பிசாசின் சத்தம்" என்று கடிந்துகொண்டேன். அவன் மெதுவாக, "ஐயா, நீங்க ஒரு தடவையாவது முழுசா கேட்டீங்களா?" என்றான். எனக்குப் பதில் இல்லை. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

விசாரிக்காமல் பதில் சொல்வது வெட்கத்தையே தரும் என்று நீதிமொழிகள் 18:13 என்னைக் குத்திற்று. அவன் வீட்டுக்குப் போய், "தம்பி, நீயே சொல்லிக்குடு" என்றேன்.

அவன் சொன்னான்: 2006-ல் மலேசியாவில் யோகி பி - நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தது. 2012-ல் கோயம்புத்தூர் வாலிபர் ஆதியின் 'ஹிப் ஹாப் தமிழன்' வந்தது. அதற்கு முன்பே அவர் ஒரு எஃப்.எம். வானொலி நிகழ்ச்சியில் பாடிய 'கிளப்புல மப்புல' வீடியோ யூடியூபில் ஊரெல்லாம் பரவியிருந்தது. பெண்களைப் பழிக்கிறது என்று அந்தப் பாட்டுக்குக் கண்டனமும் எழுந்தது. 2019-ல் அறிவு என்ற வாலிபர் 'தெருக்குரல்' ஆல்பத்தில் சாதிக் கொடுமைக்கு எதிராகப் பாடினார். கேட்டவன் ஒவ்வொருவனும் இன்னொருவனுக்கு அனுப்பினான், அதுவே விளம்பரம்!

பிரியமானவர்களே, நம் தூத்துக்குடி கடலில் 1961-ல்தான் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. கரையில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் போடுவார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான்! திறந்தால்தான் தெரியும், பெரும்பாலும் வெறும் ஓடு, எங்கோ ஒன்றில் முத்து. எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளும்படிதானே பவுல் எழுதுகிறார்? அத்தேனே பட்டணத்தில் அவர்களுடைய புலவர்களின் வார்த்தையையே எடுத்துப் பேசினாரே (அப். 17:28)!

பெண்ணைப் பழிக்கும் வரி வெறும் ஓடு, தூக்கி எறி. ஒடுக்கப்பட்டவனுக்காக அழும் குரலையோ, ஆமோஸ் தீர்க்கதரிசியை வாசித்த நாம் எப்படித் தள்ளுவோம்? ஆனால் வாலிபனே, விலையுயர்ந்த முத்து ஒன்றே. அதற்காக மற்றதையெல்லாம் விற்கலாம். மற்ற எதற்காகவும் அதை விற்றுவிடாதே.

இன்னொன்று என்னை உடைத்தது. ஒரு பாட்டுக்காக இந்தப் பிள்ளைகள் ஒரே ராத்திரியில் நூறு பேருக்குச் சொல்லுகிறார்கள். சமாரிய ஸ்திரீ குடத்தை விட்டுவிட்டு ஓடினாள். ஊரே கிறிஸ்துவிடம் வந்தது (யோவான் 4). பாவமன்னிப்பைப் பெற்ற நாம் கடைசியாக யாருக்குச் சொன்னோம்? பக்கத்து வீட்டுக்காரருக்காவது தெரியுமா?

போன மாதம் அந்தத் தம்பி வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். நான் பிரசங்கத்தை நிறுத்தி, எல்லார் முன்பாகவும் கடிந்துகொண்டதற்கு, எல்லார் முன்பாகவும் மன்னிப்புக் கேட்டேன். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அதுபோதும், அல்லேலூயா!

பெற்றோரே, இன்று ராத்திரி உங்கள் பிள்ளையிடம், "என்ன கேக்குற? எனக்கும் போட்டுக் காட்டு" என்று சொல்லுங்கள். கேட்டபின் பேசுங்கள். பேசுமுன் ஜெபியுங்கள். கர்த்தர்தாமே நம் காதுகளைத் திறப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்