ரத்தச் சோதனையும் சாதிச் சோதனையும்

ஒருவர் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? தாமிரபரணிக் கரையில் வாழ்கிற எங்களுக்கு இது வெறும் மருத்துவக் கேள்வி அல்ல. 2025 ஜூலையில், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்த ஒரு தலித் இளைஞர் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். 'எங்க ரத்தம் கெட்டுரக் கூடாது' என்பதுதான் சாதிக்காகக் கொல்கிறவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் நியாயம்.

இப்போது ரத்தச் சோதனை அரசுத் திட்டமாகவே வந்திருக்கிறது. அரிவாள் செல் ரத்தசோகையை 2047க்குள் ஒழிக்கும் திட்டத்தை 2023 ஜூலை 1 அன்று ஒன்றிய அரசு தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. முடிவை அட்டையில் எழுதித் தருகிறார்கள். கல்யாணம் பேசுமுன் அட்டைகளை ஒத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சோதனையே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. குறைபாட்டு மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர் நோயாளி அல்ல. பெரும்பாலும் அவருக்கே அது தெரியாது. அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால், ஒவ்வொரு பேற்றிலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. அரிவாள் செல் நோய் வந்தால் எலும்பைப் பிடுங்கும் வலி. கடுமையான தலசீமியா என்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். கூலிக்குப் போகிற தாய்க்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் மறைப்பதும் கொடுமைதான்.

ஆனால், 'இது மலைச்சாதிக்கும் கீழ்ச்சாதிக்கும் வர்ற நோய்' என்று படித்தவர்களே பேசுகிறார்கள். 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த அரிவாள் செல் கண்டறியப்பட்டது உண்மை. நாக்பூர்ப் பகுதியில் அம்பேத்கர் பிறந்த மகர் மக்களிடம் அது மிகுதி என்பதும் உண்மை. அதற்குக் காரணம் சாதியல்ல, கொசு. இந்த மரபணு ஒன்றைச் சுமப்பவரைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று 1954இலேயே காட்டிவிட்டார்கள். தலசீமியாவோ சிந்தி, பஞ்சாபி வணிகக் குடும்பங்களிலும் ஏராளம். அதை யாரும் 'வணிகச்சாதி நோய்' என்பதில்லையே, ஏன்?

அரிவாள் செல் நோயின் மூலக்கூறுக் காரணத்தை 1949இல் விளக்கியவர் லைனஸ் பாலிங். நோபல் பரிசு பெற்ற அதே மனிதர், இந்த மரபணுவைச் சுமக்கும் இளைஞர் நெற்றியில் பச்சை குத்த வேண்டும் என்று 1968இல் எழுதினார். நோயைக் குறைக்கும் நல்லெண்ணம்தான். 1970களில் அமெரிக்க மாநிலங்கள் சில கறுப்பின மக்களுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கின. நோயே இல்லாதவர்களுக்கும் வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை அவர்களுக்குக் கதவை மூடியிருந்தது.

என் சித்தி அமெரிக்கக் கதை எதையும் படித்தவள் அல்ல. மகளுக்கு அத்தை மகனைப் பேசியபோது, ரெண்டு பேருக்கும் ரத்தம் பார்க்கலாமே என்றேன். "எய்யா, ஏற்கனவே நம்மள ஒரு மாதிரிதான் பாக்கானுவ. இதுல சீக்கு ரத்தம்னு வேற பேரு வாங்கணுமாக்கும்?" என்றாள். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியுமா? நெற்றியில் குத்தப்படும் பச்சை எப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

1916இல் அம்பேத்கர், அகமணமே சாதியின் உயிர்நிலை என்றார். தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் மணம் முடிக்கும்போது இத்தகைய மரபணுக்களும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுழல்கின்றன. அரசின் அட்டை இந்த வட்டத்தைத் தொடுவதே இல்லை. வட்டத்துக்குள் வேறு மாப்பிள்ளை பார் என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறது. அதற்காகச் சாதி மறுப்பு மணத்தை மருந்துச் சீட்டாக்கவும் நான் தயாரில்லை. நோயே இல்லாவிட்டாலும் சாதி ஒழிய வேண்டும்.

சோதனை முடிவு அவரவர் கைக்கு மட்டும் போகட்டும். ஊர்ப் பெரியவருக்கோ முதலாளிக்கோ சம்பந்தி வீட்டுக்கோ அதைக் கேட்கும் உரிமை இல்லை. பெண்ணைச் சோதித்தால் ஆணையும் சோதிக்க வேண்டும். நோயோடு பிறந்துவிட்ட பிள்ளைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தமும் மாத்திரையும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இத்தனையும் உறுதியானால், சித்தியிடம் இன்னொரு தடவை பேச நான் தயார்.