முருங்கையும் பிள்ளையும்



கோடைக் காய்ப்பு ஓய்ந்து ஆவணி பிறந்துவிட்டது. ஐப்பசி அடைமழைக்குமுன் கொல்லைப்புறத்து முருங்கையைக் கவாத்து செய்ய, நம் மல்லாங்கிணற்றுக் கரிசல் மண்ணில் அரிவாள் தீட்டும் காலம் இது. அப்போது பெரியவர்கள் வாயில் ஒரு பழமொழி வரும்: “முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்.” முதற்பாதி தோட்டக்காரனின் அனுபவம். இரண்டாம் பாதியைப்பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

முருங்கையை ஏன் கழிக்கிறோம்? மென்மையான மரம் அது. விட்டுவிட்டால் கைக்கெட்டாத உயரத்தில் காய்த்து, காற்றுக்கு முறிந்துவிழும். எப்படிக் கழிக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். இளஞ்செடி 75 செ.மீ. வளர்ந்ததும் நகத்தால் நுனியைக் கிள்ளினால் போதும், பக்கக் கிளைகள் வெடிக்கும். காய்த்து முடிந்த செடிமுருங்கையைத் தரையிலிருந்து 1 மீட்டர் விட்டு வெட்டுகிறோம். 4, 5 மாதங்களில் மறுபடி காய்க்கிறது. கூரிய அரிவாளால் ஒரே வெட்டு. கண்டபடி முறித்தால் பட்டை கிழிந்து, மழைத்தண்ணீர் இறங்கித் தண்டு அழுகும். வெட்டுவாயில் சாணம் அப்பி, எருவும் தண்ணீரும் உடனே வைக்கிறோம். வேரை ஒருவரும் தொடுவதில்லை.

பிள்ளையை அடிக்கும்போது இவற்றில் எதைச் செய்கிறோம்? பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் பகலெல்லாம் உழைத்துக் களைத்து வருகிறோம். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். அந்நேரம் பிள்ளை மார்க்கு குறைந்த சீட்டை நீட்டுகிறது, கை ஓங்கிவிடுகிறது. அந்த அடி விழுவது பிள்ளையின் குற்றத்தின்மீதா, நம் எரிச்சலின்மீதா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுத்திருக்கிறது. வாத்தியார் கீழே வைத்த பிரம்பை வீட்டில் நாம் எடுக்கலாமா?

ஆகஸ்டு 27-ல் அர்ச். மோனிக்கம்மாளையும், மறுநாள் அவள் மகன் அர்ச். அகுஸ்தீனாரையும் கொண்டாடுகிறோம். சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் அடிபட்டதையும், அடிபடாதிருக்கச் சர்வேசுரனை மன்றாடியதையும், பெரியவர்கள் அதைக் கண்டு சிரித்ததையும் அவர் மேற்றிராணியாரான பின்பும் மறக்காமல் எழுதிவைத்தார். அந்த அடிகள் அவரைத் திருத்தவில்லை. விடாமல் கண்ணீரோடு ஜெபித்தாள் தாய். 387-ஆம் ஆண்டு பாஸ்குத் திருநாளில், தம் 32-ஆம் வயதில், மிலான் நகரில் அர்ச். அம்புரோஸ் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

சேசுநாதர் தம்மைத் திராட்சைக் கொடியென்றும், பரமபிதாவைத் தோட்டக்காரரென்றும் சொன்னாரல்லவா? கம்பம் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு காய்ப்புக்கும் கொடியைக் கவாத்து செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பலன் தருகிற கிளையைப் பிதா கழிப்பது, அது இன்னும் மிகுதியாய்ப் பலன் தருவதற்கே. அது சினத்தின் வேலையல்ல, நேசத்தின் வேலை. அந்த அரிவாள் முதலில் பெற்றோராகிய நம்மிடம் வரட்டும்: குடி, கடுஞ்சொல், அயலாரோடு பிள்ளையை ஒப்பிட்டு இகழும் பழக்கம் ஆகியவை கழிக்கப்படட்டும்.

ஆகையால் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். பிள்ளை தவறினால், வாய் திறக்குமுன் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். கோபம் தணிந்தபின் தவறை மட்டும் எடுத்துச் சொல்லித் திருத்துங்கள். அன்றிரவு பக்கத்தில் உட்காரவைத்து உங்கள் கையாலேயே சோறு போடுங்கள். வெட்டிய செடிக்கு எரு வைக்கத் தெரிந்த நமக்கு இது தெரியாததல்ல.

உங்கள் வீட்டு முருங்கையும் பிள்ளைகளும் தழைக்க ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.