நிற்பவன் யார்?

தாம்பரம் மாநகராட்சி எல்லையில் எழுந்தருளியுள்ள திருநீர்மலை திவ்யதேசத்தை ஸேவித்தவர்கள் அதன் தனிச்சிறப்பை அறிவார்கள். அடிவாரத்தில் நீர்வண்ணனாக நின்ற திருக்கோலம். மலைமீது நரஸிம்மனாக இருந்த திருக்கோலம், அரங்கநாதனாகக் கிடந்த திருக்கோலம், உலகளந்தானாக நடந்த திருக்கோலம். நிற்றல், இருத்தல், கிடத்தல், நடத்தல் ஆகிய நான்கையும் நாமும் அன்றாடம் செய்கிறோம். அவற்றை நம் வல்லமையாலேயே செய்வதாகவும் எண்ணிக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்பெருமான் அடியேனின் அவ்வெண்ணத்தை அகற்றினான். விடியற்காலையில் படுக்கையில் புரண்டபோது அறை முழுவதும் சுழன்றது. எழுந்து நிற்க இயலவில்லை. அன்றைய திருவாராதனத்தை வேறொருவர் செய்யும்படியாயிற்று. இத்தனை காலம் "நான்" என்று நிமிர்ந்து நின்றது எது என்னும் கேள்வி அன்று பிறந்தது.

வைத்தியர் விளக்கினார். ஒவ்வொரு செவியின் உள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பினால் அவற்றிலுள்ள திரவம் சற்றே பின்தங்கித் திருப்பத்தை அறிவிக்கும். அருகிலுள்ள இரு சிறு பைகளில் படிந்த சுண்ணாம்புத் துகள்கள் சாய்வை உணர்த்தும். அத்துகள்கள் விலகிக் குழலுள் புகுந்தால், அசையாத உலகமும் சுழலும். அமெரிக்க வைத்தியர் ஜான் எப்ளி 1992-இல் விவரித்த முறைப்படி, தலையைப் படிப்படியாகத் திருப்பியே குணப்படுத்தினார்.

இன்னும் வியப்பானது ஒன்று. 2002-இல் வெளியான ஆய்வின்படி, ஜெனீவாவில் வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையில் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, அவர் தம் உடலைத் தாமே மேலிருந்து காண்பதாகக் கூறினார். உடலின் தொடுவுணர்வும் செவி தரும் ஸமநிலை உணர்வும் அங்கே இணையாமற் போனதே காரணம் என ஆய்ந்தோர் கருதினர்.

"அப்படியாயின் 'நான்' என்பதே மூளையின் தோற்றந்தானே?" எனச் சிலர் கேட்கலாம். அந்தச் சுழற்சியின் நடுவிலும் "எனக்குச் சுழல்கிறது" என்றே அடியேன் அறிந்தேன். நிலை தவறிற்று, அறிகிற "நான்" தவறவில்லை. இதுவே ஆத்மாவுக்குப் பிரமாணம் என்று சாதிக்க வரவில்லை; அதற்குச் சாஸ்திரம் உண்டு. தேஹமே நான் என்னும் மயக்கம் எத்தனை சிறு துகளை நம்பி நிற்கிறது என்பதையே கண்டேன்.

சேதனன் ஒருவன் தன் பொருட்டுத் தாங்கி நியமிக்கும் திரவியமே அவனுக்குச் சரீரம் என்றார் ஸ்ரீபாஷ்யகாரர். நோயுற்ற உடல் அடங்கவில்லையே என்ற ஆக்ஷேபத்துக்கும் அவரே ஸமாதானம் அருளினார்: ஆளும் சக்தி தடைப்பட்டதேயன்றி அழியவில்லை. ஜீவர்களாகிய நாமோ எம்பெருமானுக்குச் சரீரம். நம் உடல் நமக்கு அடங்காத வேளையிலும், அவன் நம்மைத் தாங்குவதில் தடையேதுமில்லை.

ஆகவே அன்பர்களே, மலைப்படியில் ஒருவர் தள்ளாடி அமர்ந்தால், பக்திக் குறைவென்றோ முதுமையென்றோ எண்ணிக் கடந்து செல்லாதீர்கள். கை கொடுத்து உடன் நில்லுங்கள். நாம் நிற்பதும் ஒருவன் தாங்குவதாலேயே.