ஆட்டிசத்தில் மேல்படி, கீழ்ப்படி

ஆட்டிசம் உள்ளவர்களை லேசு, நடுத்தரம், கடுமை என்று வரிசைப்படுத்தும் வழக்கம் மருத்துவக் குறிப்பில் தொடங்கி உறவினர் பேச்சு வரை பரவியிருக்கிறது. மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவிலோ கிள்ளானிலோ ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று உறுதியானால், பெற்றோரிடம் அடுத்துக் கேட்கப்படுவது "எந்த லெவல்?" என்பதுதான். பார்வைக்கு இது மருத்துவக் கேள்வி. ஆனால் மனிதரை ஒரே அளவுகோலால் மேல் கீழாக அடுக்கலாமா என்ற தத்துவக் கேள்வி அதனடியில் இருக்கிறது.

மூன்று நிலைகள் என்ற பகுப்பு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டிலிருந்து வந்தது. உதவி தேவைப்படுவோர், கணிசமான உதவி தேவைப்படுவோர், மிகக் கணிசமான உதவி தேவைப்படுவோர் என்பவையே அந்நிலைகள். சமூக உறவாடலுக்கு ஒன்று, திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளுக்கு ஒன்று என இரண்டு நிலைகளைத் தனித்தனியே குறிக்கும்படி கையேடு சொல்கிறது. சூழலுக்கும் காலத்துக்கும் ஏற்ப இவை மாறும் என்றும், சேவை பெறும் தகுதியை இவற்றை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. நடைமுறையில் இரண்டு எண்கள் ஒன்றாகி, அந்த ஒன்றே பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. இதற்கு முன்பிருந்த "உயர் செயல்திறன்" என்ற அடைமொழிக்கு அடிப்படை நுண்ணறிவு எண் 70க்கு மேல் இருப்பது மட்டுமே. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2,225 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, குளிப்பது, உடுப்பது, பிறரோடு பழகுவது போன்ற அன்றாடத் திறன்களை நுண்ணறிவு எண்ணைக் கொண்டு துல்லியமாகக் கணிக்க முடியாது என்று காட்டியது.

மலேசியச் சட்டமும் இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறது. 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள், பிறரைச் சாராமல் தன்னைப் பார்த்துக்கொள்ளக்கூடிய மாணவரையே கல்வி பெறத்தக்கவராகக் கருதின. பல குறைபாடுகள் சேர்ந்திருப்போரும் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளோரும் அரசுப் பள்ளித் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள். உதவி மிகுதியாக வேண்டியவருக்கே கதவு மூடப்பட்டது. 2013இல் புதிய விதிமுறைகள் வந்தன. 2019இல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்தியது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர்களிடையே வேரூன்றிய சைவ சித்தாந்தத்திடம், மனிதரை மேல் கீழாக அடுக்கலாமா என்ற கேள்வியை வைத்துப் பார்க்கலாம். அந்தத் தத்துவமும் உயிர்களை வகைப்படுத்துகிறது. ஆணவம் மட்டும் உடையவர் விஞ்ஞானகலர், ஆணவமும் கன்மமும் உடையவர் பிரளயாகலர், மாயையும் சேர்ந்து மும்மலமும் உடையவர் சகலர். பேராசிரியரும், நாற்பது வயதிலும் ஒரு சொல் பேசாதவரும், இந்த வகைப்பாட்டை எழுதிய ஆசிரியரும் ஒன்றாகச் சகலர் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று, திருவருள் உயிரில் பதிவதைக் குறிக்கும் சத்திநிபாதத்திலும் நான்கு படிகள் உண்டு. ஆனால் அவை அறிவுக்கூர்மையை அளப்பவை அல்ல, அருளை ஏற்கும் பக்குவத்தைச் சொல்பவை. அந்தப் பக்குவத்துக்கு ஏற்றபடி குரு வழங்குகிறார் என்பதுதான் படிகளின் பயன். வழங்குவதற்காகத் தரம் பிரிப்பது ஒன்று. விலக்குவதற்காகப் பிரிப்பது வேறு.

இன்னும் கூர்மையான கருத்து தனு (உடல்), கரணம் (கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) என்ற நான்கில் இருக்கிறது. பேசும் வாக்கு, செயற்கருவிகளான கன்மேந்திரியங்களில் ஒன்று. மனமும் புத்தியும் அந்தக்கரணங்கள், அதாவது அகக்கருவிகள். இவை எல்லாமே சடம். உயிருக்குத் தரப்பட்ட கருவிகள். ஆகவே பேச்சு வராதது கருவியின் நிலையே தவிர உயிரின் குறை ஆகாது. அதோடு கருவி தனியே இயங்குவதில்லை, அதற்குப் புவனமும் வேண்டும். தேர்வில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற "லெவல் ஒன்று" இளைஞர் தைப்பூச நாளில் பத்துமலைக் கூட்டத்துக்குள் ஐந்து நிமிடம் நிற்க முடியாமல் போகலாம். "லெவல் மூன்று" சிறுமி, கூட்டமில்லாத பிற்பகலில் பெட்டாலிங் ஜெயா சித்தி விநாயகர் கோயில் பிரகாரத்தை அமைதியாகச் சுற்றி வரலாம். தவில் ஓசையும் கற்பூரப் புகையும் நெரிசலும் கூடும்போது, குறையும்போது, திறனும் மாறுகிறது. நிலை என்று எழுதப்படுவது ஆளையும் இடத்தையும் சேர்த்து அளந்த அளவு. அதை ஆளின் மேல் மட்டும் எழுதிவிடுகிறோம்.

இதே தத்துவத்தைத் தவறாகப் பிடிப்பவர்களும் உண்டு. "என்ன வினையோ" என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்லும் உறவினர், உடல் எடுத்த எல்லோருக்கும் அது வினைவழி வந்ததே என்பதை மறந்துவிடுகிறார். நல்ல வேலையும் வீடும் உள்ள அவருடைய உடலும் அப்படி வந்ததுதான்.

சமயக் கதைகளால் ஆறுதல் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து பாடினார். மந்தன் என்று பெயரெடுத்த ஜடபரதர், பல்லக்குத் தூக்கும்போது அரசன் ரகூகணனுக்கு ஞானம் உரைத்தார். பெற்றோருக்கு இவை தெம்பு தருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு கதையிலும் மதிப்பு பிறப்பது பேச்சு வந்த பிறகுதான். கடைசிவரை பேசாத பிள்ளைக்கு இக்கதைகளில் இடமில்லை. ஒளிந்திருக்கும் மேதையைத் தேடுவதும் தரவரிசையின் இன்னொரு உருவமே.

தரவரிசையே கூடாது என்பாருக்கு வலுவான மறுப்பு, இரவும் பகலும் துணை தேவைப்படுவோரின் பெற்றோரிடமிருந்து வருகிறது. எல்லோரையும் ஒரே சொல்லால் அழைத்தால் தங்கள் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் போவார்கள் என்பது அவர்கள் அச்சம். 2021இல் லான்செட் இதழின் ஆணையம் "ஆழ்ந்த ஆட்டிசம்" என்ற தனிப்பெயரைப் பரிந்துரைத்தது இந்தக் காரணத்தால்தான். அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கான விடை தேவையை விரிவாக எழுதுவதில் இருக்கிறது. தூக்கம், உணவு, பேச்சு, வலியைச் சொல்லும் திறன், ஆபத்தை உணர்தல், தனியே வெளியே செல்லுதல் ஆகிய ஒவ்வொன்றிலும் எவ்வளவு துணை வேண்டும் என்று எழுதினால், "மூன்று" என்ற எண் சொல்வதைவிட அதிகம் தெரியவரும். "ஒன்று" என்று குறிக்கப்பட்டு உதவி மறுக்கப்பட்டவரின் தேவையும் அதில் வெளிப்படும்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாட்டில் இந்த மூன்று நிலைகள் இல்லை. அறிவுத்திறன் வளர்ச்சி எப்படி, மொழிப் பயன்பாடு எப்படி என்று தனித்தனியே குறிக்கும்படி அது கேட்கிறது.