காணாக்கடியும் காரணத் தேடலும்

தோல் திடீரெனச் சிவந்து தடித்து, பொறுக்க முடியாத அரிப்பைத் தந்து, சில மணி நேரத்தில் சுவடின்றி மறைந்து, பின்பு வேறோர் இடத்தில் எழும் நோயைத் தமிழ்நாட்டில் காணாக்கடி என்பர். இத்தடிப்புகள் ஆறு வாரங்களுக்கு மேலும் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் அதை நாட்பட்ட காணாக்கடி என மருத்துவம் வகைப்படுத்துகிறது. நாக்கோ தொண்டையோ வீங்கி மூச்சுத் திணறும் அவசர நிலை ஒருபுறம் இருக்க, பெரும்பாலோரை இந்நோய் வதைப்பது தூக்கத்தைக் கெடுப்பதாலும், ‘எதனால் வருகிறது’ என்ற கேள்விக்கு விடை தராமல் இழுத்தடிப்பதாலும்தான். ஒரு துன்பத்துக்கு இன்னதே காரணம் என்று எப்போது சொல்லலாம், காரணம் அகப்படாதபோது எதைச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்னும் பழைய தத்துவ வினா இந்நோயாளியின் வீட்டில் அன்றாடக் கேள்வியாகிவிடுகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இக்கேள்விக்கு விடைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. உணவைக் குற்றம் சொல்வோர் கத்தரிக்காயையும் கருவாட்டையும் பழவேற்காட்டு இறாலையும் விலக்கச் சொல்வர். இரும்பு உருக்காலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் நெருங்கி நிற்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சுற்றி வாழ்வோர் புகையையும் தூசியையும் சுட்டுவர். முன்வினை என்றும் நாகதோஷம் என்றும் சொல்லி முடித்துவிடுவோரும் உளர். இம்மூன்று விடைகளும் வெவ்வேறு உலகங்களிலிருந்து வருபவை போலத் தோன்றினும், சோதிக்கப்படாமலேயே முடிவாகிவிடுவதில் ஒத்திருக்கின்றன.

சோதிக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் அளவை நூலில் அன்னுவயம், வெதிரேகம் என்னும் இரண்டும் விளக்கப்படுகின்றன. ஒன்று உள்ள இடத்தில் மற்றொன்றும் உண்டு எனக் காண்பது அன்னுவயம், ஒன்று இல்லாத இடத்தில் மற்றொன்றும் இல்லை எனக் காண்பது வெதிரேகம். இறால் தின்ற இரவில் தடிப்பு எழுந்தது என்பது அன்னுவயம் மட்டுமே, அதுவும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கக்கூடும். ஆனால் காணாக்கடியின் கொடுமை வெதிரேகத்தையும் அது ஏமாற்றிவிடுவதில் இருக்கிறது: தானே தணிந்து தானே திரும்பும் இயல்புள்ள நோயில், எந்த உணவை நிறுத்தினாலும் சில நாள் நலம் கிட்டும்; நிறுத்தியதே நலத்துக்குக் காரணம் என மனம் நம்பும்; தடிப்பு மீண்டும் எழுந்தவுடன் விலக்க வேண்டிய அடுத்த பொருளைத் தேடும். இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் சோறும் மோரும் மட்டும் மிஞ்சிய தட்டின் முன் அமர்ந்தும் அரித்துக்கொண்டிருப்பவரிடம் ‘நீ இன்னும் சரியாகத் தேடவில்லை’ என்று சொல்வது, அறியாமல் செய்யப்படும் ஒரு வன்முறை.

சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரிக்கிறது: காரியமாக மாறும் பொருள் முதற்காரணம், அதற்கு உதவுவது துணைக்காரணம், செயலை நிகழ்த்தும் அறிவுடையவன் நிமித்தகாரணம். இப்பிரிவினை இந்நோய்க்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. 1878இல் பால் எர்லிக் பெயரிட்ட மாஸ்ட் செல்கள் தோலில் நிறைந்துள்ளன; அவை தூண்டப்பட்டு வெளியிடும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளே நுண்குழாய்களைக் கசியச் செய்து தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. எளிதில் தூண்டப்படத் தயாராக நிற்கும் அச்செல்களின் நிலையை முதற்காரணம் எனலாம். வெப்பம், குளிர், அழுத்தம், சில மாத்திரைகள் ஆகியன துணைக்காரணங்கள். நோயாளியும் அவர் குடும்பத்தாரும் தேடுவதோ நிமித்தகாரணத்தை, அதாவது ஒரு குற்றவாளியை. நாட்பட்ட காணாக்கடியில் பெரும்பாலும் வெளியே அப்படி ஒருவரும் இல்லை. பலரிடம் உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே மாஸ்ட் செல்களைத் தூண்டுவது கண்டறியப்பட்டுள்ளது.

இதனால் தேடலே வீண் என்று ஆகிவிடாது. உலை வெப்பத்தில் வியர்க்கும்போது குண்டூசித் தலையளவில் கொப்புளிக்கும் தடிப்பு, குளிர்பதன அறையில் எழும் தடிப்பு, அதிரும் கருவியைப் பிடித்த கையின் வீக்கம் ஆகியவற்றுக்குத் தூண்டுதல் தெளிவாக உண்டு, அவற்றை மருத்துவரிடம் சோதித்து உறுதி செய்யவும் முடியும். பாதுகாப்புக் காலணியோ இடுப்புப் பட்டையோ சுமையோ அழுத்திய இடத்தில் வரும் வீக்கம் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மணி நேரம் தாமதித்தே தோன்றுவதால், பணிமுறை முடிந்து வீடு திரும்பியவர் இரவுச் சாப்பாட்டின் மீது பழியைப் போடுகிறார். உடல்வலிக்கென விழுங்கும் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் பலருக்கு இந்நோயைக் கிளறிவிடுகின்றன என்பதும், அவற்றைக் கடையில் வாங்கும்போது யாரும் சொல்லாத செய்தி.

வினைக் கோட்பாட்டை இங்கே எங்கு வைப்பது? பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில், உணர்வதெல்லாம் முன்வினைப் பயனே என்போரைக் குறித்து மோளிய சீவகன் என்னும் அலைந்து திரியும் துறவி கேட்க, பித்தம், கோழை, வாதம், இவற்றின் கலப்பு, பருவமாற்றம், முறைகேடான பேணுகை, வெளித்தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் புத்தர் எண்ணிக் காட்டி, எல்லாவற்றையும் வினை ஒன்றிலேயே அடக்குவோர் தாம் அறிந்ததை மீறிப் பேசுகின்றனர் என்கிறார். வினையை ஏற்ற சமயத்தின் முதல்வரே அதற்கு எல்லை கட்டியது இந்நோயாளிகளுக்குப் பெரிய ஆறுதல். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் விமானத்தானம் என்னும் பகுதியின் மூன்றாம் அத்தியாயத்தில், ஆயுள் முற்றிலும் விதிக்கப்பட்டதாயின் மருத்துவத்துக்கு வேலையே இல்லை என வாதிட்டு, ஊழுக்கும் முயற்சிக்கும் தனித்தனி இடம் தருகிறது.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை வைத்தியராகப் போற்றும் அடியார்கள் அமாவாசைதோறும் கூடி, தோல்நோய் தீர வேண்டி ஹிருத்தாபநாசினி திருக்குளத்தில் வெல்லம் கரைக்கும் வழக்கம் இவ்விவாதத்தில் கவனிக்கத்தக்கது. வெல்லம் கரைப்பவரிடம் அவர் என்ன தின்றார், என்ன பாவம் செய்தார் என்று அந்நேர்த்திக்கடன் கேட்பதில்லை. காரணம் தெரிந்த பிறகே வேண்டலாம் என்ற நிபந்தனை அங்கு இல்லாததால், தேடித் தேடிக் களைத்தவரும் அங்கே நிற்க முடிகிறது. நாள்தோறும் மருத்துவர் சொன்னபடி எடுக்கும் ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரையோடும் இவ்வழிபாடு முரண்படுவதில்லை, ஏனெனில் அம்மாத்திரையும் முதற்காரணம் முழுதும் விளங்கும் வரை காத்திராமல் அரிப்பைத் தணிக்கிறது.

ஆனால் வினை என்னும் சொல்லை யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதன் அறம் மாறிவிடுகிறது. நோயுற்றவர் தம் துன்பத்தைப் பிராரத்தம், அதாவது இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த வினை, என்று சொன்னால் அது அவர் பொறுமைக்குத் துணையாகலாம். அதையே உலைக்கு முன் அவரை நிறுத்திய மேற்பார்வையாளர் சொன்னால் அது கடமையைக் கைகழுவுவது. தடிப்பு ஒரு நாளுக்குள் மறைந்துவிடுவதால், மருத்துவமனையை எட்டுவதற்குள் ஒப்பந்தத் தொழிலாளியின் தோலில் சான்று எதுவும் இராது. ஆகவே எந்தப் பணிமுறையில், எந்த இயந்திரத்தின் அருகில், எத்தனை மணிக்குத் தடித்தது என்பதைக் கைப்பேசிப் படத்தோடு குறித்து வைப்பதும், சில வாரங்கள் வேறு பிரிவில் பணி தந்து பார்ப்பதும் அறவண அடிகள் கற்பித்த வெதிரேகத்தை ஆலைக்குள் நிகழ்த்துவதாகும். அதைச் செய்து தரும் பொறுப்பு ஆலையை நடத்துவோருடையது.