களையும் குற்றமும்

ஒரு மீனை, அது இந்த இடத்தில் பிறந்ததல்ல என்பதற்காகக் கொல்லலாமா? கேள்வியை இப்படி வைத்தால் கூடாது என்ற பதில் சுலபமாக வந்துவிடும். சைவச் சமையலே சமைத்த மயிலாப்பூர் வீட்டில் வளர்ந்த எனக்கு இன்னும் சுலபம். ஆனால் கேள்வி அதுவல்ல.

சிங்கமீன் நம் சமுத்திரத்தது. இந்துமாக்கடலின் பவளப் பாறைகளில் காலங்காலமாக இருந்துவருகிறது. இங்கே அதனால் யாருக்கும் தொல்லை இல்லை. 1985இல் ஃப்ளோரிடாக் கரையோரம் அது முதலில் தென்பட்டது. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்தவர்கள் கடலில் விட்டிருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். அந்தக் கடலின் சிறுமீன்களுக்கு அதைக் கண்டு பயப்படத் தெரியவில்லை. பஹாமாஸில் சிறு பாறைத் திட்டுகளில் நடந்த ஒரு சோதனையில், ஒரே ஒரு சிங்கமீன் இருந்த திட்டில் புதிதாக வந்து சேரும் குஞ்சுமீன்களின் எண்ணிக்கை ஐந்து வாரங்களில் 79 சதவீதம் குறைந்திருக்கிறது. எனவே ஈட்டியோடு முக்குளித்துக் கொல்கிறார்கள். கொல்லாமல் விட்டால் அது அஹிம்சை ஆகிவிடாது. கொலையை மீனின் வாயில் ஒப்படைத்துவிட்டுக் கை கழுவுவதுதான்.

இதுவரை எனக்குச் சம்மதமே. உறுத்துவது ‘ஆக்கிரமிப்பாளன்’ என்ற சொல். கொடியவரை வேந்தன் ஒறுப்பதைப் பயிரில் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறது ஒரு குறள். கொடியவனுக்குக் குற்றம் உண்டு. களைக்கு என்ன குற்றம்? உவமை தலைகீழாகத் திரும்பி, களை பிடுங்குகிறவன் தன்னை வேந்தனாகப் பாவிக்கத் தொடங்கும்போதுதான் வெறுப்பு உள்ளே நுழைகிறது. பந்தயம் வைத்து, அதிகம் குத்தியவருக்குப் பரிசும் கொடுக்கிறார்கள். வேலை நடக்க அது உதவலாம். தொட்டியைக் கவிழ்த்தவன் மட்டும் அந்தக் கொண்டாட்டத்தில் எங்குமே இல்லை.

நம் ஊர்க் கதை வேறு. ஆப்பிரிக்காவின் திலேப்பியாவை 1952இல் நாமே வரவழைத்தோம், மலிவான உணவாகும் என்று. 1959இலேயே மீன்வள ஆய்வுக் குழு அதைப் பரப்பக் கூடாது என்றது. அதற்குள் அது குளம் குளமாகப் போய்விட்டது. ஜனங்கள் அதற்கு ஜிலேபி என்று பெயர் வைத்தார்கள். ஒரு தின்பண்டத்தின் பெயரைவிடப் பெரிய குடியுரிமை எது? சைதாப்பேட்டைப் பாலத்தடியில் அடையாறு ஓடுகிற நிறத்தைப் பார்த்தால், அதில் எதுவும் உயிரோடு இராது என்றே தோன்றும். அந்த நீரையும் தாங்கக்கூடியது ஜிலேபி. முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும் தாய் அது; அத்தனை நாளும் அநேகமாக இரை எடுப்பதில்லை. பிறப்புதான் குற்றமென்றால் இதையும் குத்தித் தீர்க்க வேண்டும். தீர்த்து என்ன மீளும்? ஆற்றைக் கெடுத்தது சாக்கடை, மீனல்ல. ஜிலேபி ஒழிந்த அடையாற்றில் சாக்கடை மட்டும் மிஞ்சும்.

ஆகவே பார்க்க வேண்டியது பூர்வீகமல்ல, கொல்வதால் ஏதாவது பிழைக்குமா என்பதுதான். பவளப் பாறையில் பிழைக்கிறது. அதுகூடத் தற்காலிகமாகத்தான். முக்குளிப்பவர் எட்டாத ஆழத்தில், 300 மீட்டர் வரையிலும், சிங்கமீன் இருக்கிறது. ஒரு பெண்மீன் வருஷத்துக்குச் சுமார் இருபது லட்சம் முட்டை இடுகிறது. துப்புரவாக்கிய பாறைக்குச் சில மாதங்களில் மறுபடி வந்து சேர்கின்றன. மறுபடியும் இறங்குகிறார்கள்.