ஏட்டில் விதி, நெஞ்சில் அறம்

வணிகருக்குரிய அறத்தை ‘நடுவு நிலைமை’ என்னும் அதிகாரத்திலேயே திருவள்ளுவர் வைத்தார். தமக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி என்பது அங்கு இல்லை.

அமெரிக்காவின் என்ரோன் நிறுவனத்திடம் ஓர் ஒழுக்கக் கோவை இருந்தது. அதன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு 64 பக்கங்கள் கொண்டது. ஆயினும் 1999இல், தலைமை நிதி அதிகாரி தமது தனிப்பட்ட பங்குடைமை மூலம் அந்நிறுவனத்துடனேயே கொடுக்கல் வாங்கல் செய்வதற்காக, பணிப்பாளர் சபை அக்கோவையிலிருந்து அவருக்கு விலக்களித்தது. விதிப்படி அனுமதி பெறப்பட்டது, அறம் கைவிடப்பட்டது. 2001 டிசம்பரில் நிறுவனம் முறிந்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையையும் ஓய்வுகாலச் சேமிப்பையும் இழந்தனர்.

ஊழியர் விதிப்புத்தகத்தை ஒருமுறை படிப்பர். முதலாளியின் நடத்தையையோ நாள்தோறும் படிப்பர். ஆகவே, விதி முதலில் கட்ட வேண்டியது அதனை எழுதியவரையே. பிழையைச் சுட்டிக்காட்டும் ஊழியன் பகைவன் அல்லன். அவனே அந்நிறுவனத்தின் காவலன்.